ஐந்து எண்ணும் நேரம்

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரின் அரசுப் பள்ளி. அங்கே ஆறாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்க, பி.எட். பயிலும் இளம்பெண் ஒருத்தி பயிற்சிக்காக வந்து சேர்ந்தாள். முன்பு ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு 2015-ஆம் ஆண்டு முதல் ஈராண்டாக மாறியது. பயிற்சி மாணவர்கள் பள்ளியில் பழகும் காலமும் அதனுடன் நீண்டது. கல்லூரியில் உடன் பயில்வோரையே பிள்ளைகளாக அமர்த்திச் சில நிமிடம் பாடம் நடத்தும் ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ அவளுக்கு எளிதாகவே இருந்தது. மெய்யான பிள்ளைகள் நாற்பது பேர் நிமிர்ந்து நோக்கியபோதோ நா வறண்டது.

ஒரு பாடவேளைக்கென்று இரவெல்லாம் விழித்து எழுதிய பாடக்குறிப்பு, முதல் நாள் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. வகுப்பில் கணநேரம் அமைதி நிலவினாலும் அதைத் தன் தோல்வி என்றே அவள் எண்ணினாள். உடனே பேச்சால் நிரப்பினாள். கேள்வியும் அவளே, விடையும் அவளே.

மூன்றாம் நாள் வேர்களைப் பற்றிய பாடம். “ஆலமரத்தின் விழுதுகள் எவ்வகை வேர்?” என்று வினவினாள். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் கை உயர்த்தி எழுந்தான். உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். “தெரியாமல் ஏன் கை தூக்கினாய்? உட்கார்” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பெண்ணைச் சுட்டினாள். “தூண் வேர், டீச்சர்” என்றது அந்தப் பெண். பாடம் தடையின்றி நகர்ந்தது.

மணி அடித்தபின், வகுப்பின் பின்புறம் அமர்ந்து கவனித்திருந்த வழிகாட்டி ஆசிரியை பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “அந்தப் பிள்ளைக்குத் திக்குவாய், அம்மா. விடை தெரிந்துதான் எழுந்தான். இந்த ஆண்டில் அவனாகக் கை தூக்கியது இன்றுதான். இனிமேல் கேள்வி கேட்டால் மனத்துக்குள் ஐந்து எண்ணு. அதுவரை வாய் திறவாதே.”

அவர் அனுபவத்தால் கண்டறிந்ததை ஆராய்ச்சியும் கண்டிருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார் என்று எழுதினார். அந்தக் காத்திருப்பு மூன்று விநாடிக்கு மேல் நீண்டாலே பிள்ளைகளின் விடைகள் விரிகின்றன; வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய முடிவு.

அந்த வாரம் முழுவதும் சிறுவனின் கை எழவில்லை. அவளுக்கோ உணவு இறங்கவில்லை. வியாழக்கிழமை மாலை பாட்டி அவளை ஆலங்குடிக்கு அழைத்துச் சென்றார். திருஞானசம்பந்தர் பாடிய திருஇரும்பூளை என்னும் தலம் அது. ஆபத்சகாயேசுவரரை வணங்கி வலம் வருகையில், தெற்குக் கோஷ்டத்தில் தட்சிணாமூர்த்தியின் முன் இருவரும் நின்றனர். நடந்ததைப் பேத்தி அப்போதுதான் சொன்னாள். சொல்லும்போதே கண்கள் நிறைந்தன.

பாட்டி உடனே ஆறுதல் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, “சனகாதி முனிவர் நால்வரும் கற்றுத் தேர்ந்தவர்கள். அப்படியும் ஐயம் தீராமல் இவரிடம் வந்தார்கள். இவர் ஒரு சொல்லும் பேசவில்லை. சின்முத்திரை காட்டி இருந்தார், அவர்கள் தெளிந்தார்கள். அந்த மௌனம் நமக்கு வராது, குழந்தை. ஒரு பிள்ளை பேசி முடிக்கும்வரை சும்மா இருக்கவாவது நமக்கு வரும் அல்லவா?” என்றார்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் அவள் அந்தச் சிறுவனைத் தனியே அழைத்தாள். “அன்று நீ சொல்லி முடிக்கும் முன் உட்காரச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது” என்றாள். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான், பிறகு ஓடிவிட்டான்.

அன்றுமுதல் ஒவ்வொரு கேள்விக்கும் பின் அவள் ஐந்து எண்ணினாள். முதலில் அந்த ஐந்தும் ஐம்பதாகத் தோன்றின. மெல்ல மெல்ல, இதுவரை பேசாத சில பிள்ளைகளின் குரல் கேட்கத் தொடங்கியது. அந்தச் சிறுவனின் குரல் மட்டும் கேட்கவில்லை.

பயிற்சி முடிய இரண்டு நாளே இருந்தபோது பாடத்தை மீள்பார்வை செய்தாள். “ஆலமரத்துக்குத் தூண் வேர் எதற்கு?” கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. அவன் எழுந்து நின்றான். ஐந்து கடந்தது, பத்தும் கடந்தது. விடையை எடுத்துக் கொடுக்க அவள் நா துடித்தது. அடக்கிக்கொண்டு, அவன் முகத்தையே கனிவோடு பார்த்திருந்தாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

“கி… கிளை… கிளையைத் தாங்க, டீச்சர்.”

“சரியாகச் சொன்னாய்” என்றாள். அதற்குமேல் அவளாலும் பேச இயலவில்லை.

பயிற்சிக்குரிய மதிப்பெண்கள் பின்னர் வந்தன. அவள் வீட்டில் அவற்றைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அடுத்த வியாழனன்று பாட்டியுடன் ஆலங்குடிக்குச் சென்று, அங்குள்ள வழக்கப்படி 24 நெய்விளக்குகள் ஏற்றினாள். தனக்கென்று எதுவும் வேண்டவில்லை. அந்தப் பிள்ளையின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தாள்.

பேரப் பிள்ளைகளை அருகே அமர்த்திக் கேள்வி கேட்கும் பெரியோர்க்கும் அந்த ஐந்து எண்ணிக்கை பொருந்தும். குழந்தையின் நாவில் சொல் பிறக்கும்வரை காத்திருப்பதும் குருநாதருக்குச் செய்யும் பூசையே.