நீரில் மூழ்கிய நெல்

கட்டாக் நகரில் ரயில்வே சரக்குப் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவாகிய நமக்கும் நெல்லின் மரபணு ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கக்கூடும். நாம் படித்தது மெட்ரிகுலேஷன் வரையே. ஆயினும் 2021 நவம்பரில், திருத்துறைப்பூண்டிக்கு அருகே நமது தமையனார் பயிரிட்டிருந்த சம்பா பத்து நாட்கள் வெள்ளத்தில் மூழ்கி அழுகிப்போயிற்று. “தம்பி, இந்த நிலத்தைக் கட்டி அழுதது போதும். விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன்” என்று அவர் தொலைபேசியில் சொன்ன நாள் முதல் நமக்கு உறக்கமில்லை. அந்நிலத்து நெல்லை விற்றுத்தான் நமக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினார்கள்.

நமது சங்கத்திற்கு வந்துபோகும் இளைஞர் ஒருவர் நெற்பயிர் ஆராய்ச்சி செய்பவர். அவரிடம் இதைச் சொல்லி வருந்தினோம். அவர் அன்று மாலையே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நமது இல்லத்திற்கு வந்துவிட்டார்.

மரபணுக்களிலும் குடும்பங்கள் உண்டாம். ‘இ.ஆர்.எப்.’ என வழங்கும் குடும்பத்தில், நெல்லில் மட்டும் 139 உறுப்பினர் உள்ளதாக 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். இவை பிற மரபணுக்களுக்குத் ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்று ஆணையிடுபவை. (நமது இலாகாவில் அத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ண நாம் துணியவில்லை.) வறட்சி, உப்பு, வெள்ளம் முதலிய இடர்கள் நேரும்போது இக்குடும்பத்தினர் பலர் விழித்தெழுகின்றனர்.

பயிர் மூழ்கினால், வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி அதனுள்ளேயே தேங்கும். சாதாரண நெல் அதனை உணர்ந்ததும் மூச்சுவிட மேலெழ முயன்று நீளும். சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். நீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த ‘எப்.ஆர். 13 ஏ’ என்னும் வகையோ அவ்வாறு நீளுவதில்லை. இருப்பதைச் செலவிடாமல் நீரடியில் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் கழித்தும் துளிர்க்கிறது. அதற்குக் காரணமான ‘சப்1ஏ’ என்னும் மரபணுவை 2006-இல் கண்டறிந்தனர். விந்தை யாதெனில், ஆழ்நீர் நெல்லை விரைந்து நீளச் செய்து காப்பாற்றும் ‘ஸ்நார்க்கல்’ மரபணுக்களும் இதே குடும்பத்தவையே. 2009-இல் ஜப்பானியர் கண்டறிந்தவை. கேட்கும் செய்தி ஒன்று. ஒன்று அடங்கு என்கிறது, மற்றொன்று ஓங்கு என்கிறது!

பின்னொரு நாள் சோதனைத் தொட்டி ஒன்றையும் காட்டினார். பதினான்கு நாள் மூழ்கடித்து நீரை வடித்திருந்தனர். ஒரு வரிசை கஞ்சிபோல் குழைந்து சேற்றில் படிந்திருந்தது. பக்கத்து வரிசையின் நடுக்குருத்து பச்சையாக நின்றது. நாம் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

தஞ்சை மாவட்டத்தார் நன்கறிந்த சி.ஆர். 1009 பிறந்ததே இக்கட்டாக்கில்தான். அதிலும் இம்மரபணுவைச் சேர்த்து ‘சி.ஆர். 1009 சப் 1’ வந்துள்ளது. வேற்றுயிரின் மரபணு புகுத்தியதன்று. நெல்லோடு நெல்லைக் கலந்து பெற்றதே. இதனைத் தமையனாரிடம் உற்சாகமாக விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. தண்ணீர் இருபது நாள் நின்றால்?”

“தாங்காது அண்ணா.”

“கதிர் வந்தபின் சாய்ந்து மூழ்கினால்?”

அதற்கும் இல்லையென்றே சொன்னோம். வடிகால் தூர்ந்து கிடப்பதை அவர் நினைவூட்டினார். அதைத் தூர்வார எந்த மரபணுவும் வராது என்றார். நமக்கு மறுமொழி இல்லை.

ஆயினும் நிலத்தை இன்னும் விற்கவில்லை. இவ்வாண்டு நான்கு மாவில் மட்டும் அந்த விதையை விட்டிருக்கிறார். எஞ்சியதில் வழக்கமான நெல். ஐப்பசி பிறந்துவிட்டது. அலுவலகத்தில் சரக்குச் சீட்டு எழுதும்போதும் நமது காது தொலைபேசியிலேயே இருக்கிறது.