55-இன் பூர்வீகம்

1999 ஆடி மாதம். தூத்துக்குடியில் ஓர் அடகுக் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அப்போது என் பிழைப்பு. கடையில் பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று. நான்காவது, அந்த வாரம்தான் வந்திறங்கிய 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. அடகுக் கணக்கு புரோகிராம் பழைய மூன்றிலும் ஓடியது. புதியதில் என்டர் தட்டிய மறுகணமே ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு வரி வரும், மறுபடி கறுப்பு டாஸ் திரை. முதல் மெனுகூட வரவில்லை.

ஒன்பது வருஷத்துச் சீட்டுகள் அதற்குள் இருந்தன. யார் வைத்தது, எத்தனை கிராம், எவ்வளவு கடன், வட்டி, மீட்ட தேதி, மீட்காமல் மூழ்கியவை. பாஸ்கல் மொழியில் அதை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் யாரிடமும் இல்லை.

“புது மிஷின்லதான் கோளாறு தம்பி, மாத்தித் தரச் சொல்லிருவோம்” என்றார் கடை முதலாளி அண்ணாச்சி. பக்கத்துக் கடைக்காரர் ஒய்2கே என்றார். அந்த வருஷம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ரேம் மாற்றினேன், வைரஸ் தேடினேன். டாஸ் ஃபிளாப்பி ஒன்றைப் போட்டு அதிலிருந்தே கிளப்பியும் பார்த்தேன். அதே வரி. விண்டோஸ் மீதும் ஹார்டு டிஸ்க் மீதும் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பிழை எண் 200-க்குக் கையேட்டில் இருந்த விளக்கம்: பூஜ்யத்தால் வகுத்தல். அதை நம்பி இரண்டு நாள் சீட்டுகளில் பூஜ்யம் தேடினேன். எடை போடாத சீட்டு, வட்டி விகிதம் விட்டுப்போன சீட்டு என்று சில கிடைத்தன. திருத்தினேன். பயனில்லை. கடைசியில் ஒரு சீட்டுகூட இல்லாத வெற்றுக் கோப்பை வைத்து ஓட்டினேன். அப்போதும் விழுந்தது. வகுப்பதற்கு ஒரு கணக்கும் இல்லாதபோது அது எதை எதால் வகுக்கிறது?

வழி காட்டியவர் சீட்டுப் போடும் அக்கா. அவருடைய மேஜையில் பழைய 486. சீட்டு பதிவானதும் புரோகிராம் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். “தம்பி, சில நாள் இது நீளமா அடிக்குது, சில நாள் வெடுக்குன்னு நின்னுபோவுது. அது எதுக்கு?” என்று கேட்டார்.

அந்தப் பெட்டியின் முகப்பில் டர்போ பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் வேகம் கூடும், இன்னொரு தரம் அமுக்கினால் குறையும். பட்டனை எந்த நிலையில் வைத்துப் புரோகிராமைத் தொடங்கினாலும் சத்தம் ஒரே நீளந்தான். மெதுவான நிலையில் தொடங்கிவிட்டு, ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் மட்டும் சத்தம் குறுகியது. அப்படியென்றால், கடை திறந்ததும் தராசைச் சரிபார்ப்பதுபோல, இந்தப் புரோகிராம் தொடங்கிய உடனே இயந்திரத்தின் வேகத்தை அளந்து வைத்துக்கொள்கிறது. புதிய கம்ப்யூட்டரில் அது விழுவதும் தொடங்கிய உடனேதான்.

புதியதை மறுபடி கிளப்பி, டெலீட் சாவியை அழுத்தி பயாஸின் நீலத் திரைக்குள் போனேன். உள் கேஷ் நினைவகத்தை அணைத்தேன். இயந்திரம் மாட்டு வண்டியாய் மாறியது. ஆனால் என்டர் தட்டியதும் மெனு வந்துவிட்டது. அக்கா அவசரமாக எழுந்து வந்து பார்த்தார். கோளாறு புது மிஷினில் இல்லை. அதன் வேகத்தைத் தாங்க இந்தப் பழைய புரோகிராமால் முடியவில்லை.

டாஸின் ‘டீபக்’ கருவியில் புரோகிராமைத் திறந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது கணக்கு விளங்கியது. கம்ப்யூட்டரின் கடிகாரம் சுமார் 55 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வெறுமனே எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று புரோகிராம் எண்ணுகிறது. அதை 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை சுற்று என்று தெரியும். ‘பீப்’ நீளத்தை அதை வைத்துத்தான் அளக்கிறது. அந்த விடை வந்து உட்காரும் இடம் 16 பிட். அதில் 65,535 வரைதான் கொள்ளும். சுற்றுகள் 36,04,480-ஐத் தொட்டால் விடை வழிந்துவிடும். வழிந்தாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் பிராசஸர் போடும் கூப்பாடு ஒன்றே. அதனால்தான் இல்லாத பூஜ்யத்தை இரண்டு நாள் தேடினேன்.

இஎக்ஸ்இ என்ற பின்னொட்டு இருந்தால் டீபக் அந்தக் கோப்பைத் திருப்பி எழுதாது. பெயரை மாற்றித் திறந்தேன். பதினாறடிமான எண்ணில் 55 என்பது 37. வகுக்கும் கட்டளைக்கு முன்னால் இருந்த அந்த 37-ஐக் கண்டுபிடித்து, அதன் இடத்தில் 1500-ஐ எழுதினேன். கேஷைத் திரும்பப் போட்டதும் புதியதில் புரோகிராம் முழு வேகத்தில் ஓடியது. ‘பீப்’ மட்டும் 27 மடங்கு சுருங்கி, காதில் விழாத ஒரு ‘டிக்’ ஆகிவிட்டது. அக்காவுக்கு அதில் மனக்குறைதான்.

எனக்கு அந்த 55 மனதை விட்டுப் போகவில்லை. ஐம்பது இல்லை, நூறு இல்லை, அதென்ன ஐம்பத்தைந்து? சென்னை ரிச்சி தெருவில் ஐபிஎம் பிசியின் தொழில்நுட்பக் கையேடு ஜெராக்ஸில் கிடைத்தது. மின்சுற்றுப் படங்களின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். டைமர் சிப் 65,536 வரை எண்ணினால் ஒரு துடிப்பு. அதற்கு வரும் அலை நொடிக்கு 11,93,182. அந்த அலை, 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றை 12-ஆல் வகுத்தது. 1981-இல் வந்த அந்தக் கம்ப்யூட்டரின் பிராசஸருக்கும் அதே படிகந்தான், 3-ஆல் வகுத்து 4.77. நான்கால் வகுத்தால் 3.579545 மெகாஹெர்ட்ஸ். அது அமெரிக்கக் கலர் டிவியின் நிற அலை. டிவியிலும் படம் காட்ட வேண்டும் என்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிகத்தை வைத்துவிட்டார்கள்.

அந்த எண்ணும் சும்மா வந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களின் படம் கெடாமல், அதே ஒளிபரப்புக்குள் நிறத்தையும் நுழைக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கணக்குப் போட்டு, 1953 டிசம்பரில் அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு அது. 1982-இல் நம் நாட்டுக்குக் கலர் டிவி வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால் என்ற வேறு முறை. நம் வீட்டு டிவிகள் எதற்கும் தேவைப்படாத ஓர் எண், தூத்துக்குடியில் வட்டிக் கணக்கை நிறுத்தியிருக்கிறது.

பொங்கலுக்கு முன் தூசி தட்ட அந்தப் புதிய கம்ப்யூட்டரைக் கழற்றினார்கள். நானும் போயிருந்தேன். மதர்போர்டின் மேல் டார்ச் அடித்துத் தேடினேன். ஓர் ஓரத்தில், சின்ன உளுந்து வடிவில் ஒரு தகரக் குப்பி. தூசியை விரலால் துடைத்தேன். மேலே 14.318 என்று பொறித்திருந்தது.