63க்குள் இரண்டு ஸ்வரங்கள்

கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றின் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்த பெரியவரின் ஸ்வர நோட்டை, சுங்கை பட்டாணியில் என் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சரிபார்க்கும்படி, கூலிமில் கீபோர்டு கற்றுத்தரும் தோழிக்கு மிடி கோப்பாக அனுப்பினேன். அவரிடம் இருந்தது வேறு மென்பொருள். நாட்டை ராகப் பாட்டில் ஷட்சுருதி ரிஷபம் வரவேண்டிய இடமெல்லாம் அவர் திரையில் சாதாரண காந்தாரம் வந்தது. காதுக்குச் சரி, ஏட்டுக்குத் தவறு. ஸ்வரம் எங்கே பெயர் மாறியது என்று தேடினேன்.

மிடி, 1983இல் மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க வந்த ஏற்பாடு. எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதை அது எண்களாகச் சொல்லும். ஷட்ஜத்தை 60 என்று வைத்தால் ஷட்சுருதி ரிஷபமும் 63, சாதாரண காந்தாரமும் 63. இரண்டுக்கும் கட்டை ஒன்றே. ஆனால் ரிஷபமா காந்தாரமா என்பதில்தானே ராகத்தின் இலக்கணம் இருக்கிறது!

ஸ்வரத்தின் பெயரையும் காக்கும் கோப்பு வடிவம் எது? தேடல் மியூசிக்எக்ஸ்எம்எல்லில் போய் நின்றது. 2000இல் ரெக்கார்டேர் நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் குட், மியூஸ்டேட்டா, ஹம்ட்ரம் என்ற ஆய்வுலக வடிவங்களை அடித்தளமாக வைத்து இதை உருவாக்கினார். முதல் பதிப்பு 2004 ஜனவரியில் வந்தது. இதில் ஸ்வரத்தின் பெயர் தனியே, ஏற்ற இறக்கம் தனியே, ஸ்தாயி தனியே பதிவாகும். மேற்கத்திய எழுத்தில் ஷட்சுருதி ரிஷபம் ‘டி’, அரைப்படி மேலே. சாதாரண காந்தாரம் ‘இ’, அரைப்படி கீழே. கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது என்பதால் எந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதைப் படிக்கலாம்.

இன்னும் பின்னோக்கிப் போனால் சென்னை வருகிறது. 1893இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். உலகில் எவரும் படிக்கக்கூடிய பொது எழுத்து வேண்டும் என்பதே அவர் ஆசை. அவருக்கு உதவிய சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் ஸ்வரங்களின் அசைவுகளான கமகங்களுக்குத் தனிக் குறிகளே அமைத்தார். ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு முழுமையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். மியூசிக்எக்ஸ்எம்எல்லிலும் கமகத்தின் அசைவு முழுவதும் அடங்காது.

2024 ஆகஸ்டில், 1988 முதல் விற்பனையில் இருந்த ஃபினாலே என்ற இசைக்குறி மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்காக எழுதியவர்கள் வேறு மென்பொருளுக்குக் குடிபெயர இந்தப் பொது வடிவமே வழியானது. ஒரு நிறுவனத்தின் கோப்பில் மட்டும் இருக்கும் இசை, அந்த நிறுவனத்தின் ஆயுளுக்குக் கட்டுப்பட்டது.

கெடாவில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பஜனைக் குழுக்களும் கலைந்து வருகின்றன. வீட்டில் பழைய ஸ்வர நோட்டு இருந்தால் மியூசிக்எக்ஸ்எம்எல்லில் ஏற்றிவையுங்கள். பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே அவர் குரலையும் பதிவு செய்துவிடுங்கள். ஸ்வரத்தின் பெயரைக் கோப்பு காக்கும். கமகத்தைக் குரல்தான் காக்கும்.