போய்ட்டு வர்றேன் என்று சொன்ன ஓஸி

நம் வீடுகளில் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் பாட்டியிடம் திட்டு விழும். "போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தை நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் மேலைநாட்டு ராக் பாடகர்கள். "கடைசிச் சுற்றுப்பயணம்" என்று போஸ்டர் அடிப்பார்கள். ரசிகர்கள் கண்ணீரோடு டிக்கெட் வாங்குவார்கள். சில வருடம் போனதும் பார்த்தால் அதே ஆள், அதே மேடை!

தி ஹூ குழு 1982-ல் விடைபெற்றது. 1989-ல் மறுபடி ஊர் ஊராகக் கிளம்பியது. கிஸ் குழு 2000-ல் ஒரு விடைபெறும் பயணம் போனது, அப்புறம் இன்னொன்று போய் அதை 2023 டிசம்பரில்தான் முடித்தது. எல்லோரையும் மிஞ்சியது மோட்லி க்ரூ. 2014-ல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இனி சுற்றுப்பயணமே இல்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டார்கள். 2019-ல் அந்த ஒப்பந்தத்தை வெடி வைத்துத் தகர்ப்பது போல வீடியோ வெளியிட்டுவிட்டு 2022-ல் கிளம்பிவிட்டார்கள். வணிகச் சட்டம் படித்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட எல்லோரும் சம்மதித்தால் எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம் (நம் ஊர் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 62). "இதுதான் கடைசி" என்று நம்பிக் காசு கொடுத்த ரசிகன் அந்தக் காகிதத்தில் ஒரு தரப்பே இல்லையே, அவன் எங்கே போய் வழக்குப் போடுவது?

கடைசி என்றால் கூட்டம் வரும், அது சாதாரண வியாபாரக் கணக்கு. எல்டன் ஜான் 2018-ல் தொடங்கி 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முடித்த விடைபெறும் பயணத்தில் 330 கச்சேரிகள். வசூல் 93 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த வருடமும் வருவார் என்றால் "அப்போ பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற ஆள்கூட, இனி வரமாட்டார் என்றால் கடன் வாங்கியாவது போவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் ரசிகர்களை அதிகம் அலைக்கழித்தவரும், கடைசியில் அவர்களை அதிகம் அழ வைத்தவரும் ஒரே ஆள்தான். ஓஸி ஆஸ்போர்ன்.

1948-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி, தொழிலாளர் குடும்பம். 1968-ல் நான்கு பேராகச் சேர்ந்து ஆரம்பித்த குழுதான் பிறகு பிளாக் சபாத் ஆனது. ஹெவி மெட்டல் என்ற இசை அங்கிருந்துதான் வந்தது என்று பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். 1979-ல் குழுவிலிருந்து துரத்தப்பட்டு, தனியாகப் பாடி இன்னும் பெரிய ஆளானார். மேடையில் வௌவாலைக் கடித்த கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

முதல் விடைபெறல் 1992-ல். முந்தைய வருடம் வந்த ஆல்பத்தின் பெயர் "நோ மோர் டியர்ஸ்", இனி கண்ணீர் இல்லை. அதில் இரண்டு எழுத்தை மாற்றி "நோ மோர் டூர்ஸ்", இனி பயணம் இல்லை என்று பெயர் வைத்தார்கள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் இருப்பதாக மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அது தவறான கண்டுபிடிப்பு என்று பிறகு தெரிந்தது. கலிபோர்னியாவில் கடைசி இரவன்று பழைய பிளாக் சபாத் கூட்டாளிகள் மூவரும் மேடையேறினார்கள், பார்த்தவர்கள் சரித்திரம் முடிந்தது என்று வீடு திரும்பினார்கள். மூன்றே வருடம்! 1995-ல் அடுத்த பயணத்துக்கு வைத்த பெயர் "ரிடயர்மென்ட் சக்ஸ்". ஓய்வு சகிக்கவில்லை என்று அர்த்தம். ரசிகர்கள் கோபப்பட்டார்களா? இல்லை. சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கினார்கள். ஏமாந்ததில் சந்தோஷப்படுகிற வாடிக்கையாளர்களை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

அதனால்தான் 2018-ல் "நோ மோர் டூர்ஸ் 2" என்று அறிவித்தபோது பாதிப் பேர் நம்பவில்லை. பெயரிலேயே இரண்டு என்று போட்டால் மூன்று வராதா என்ன? புலி வருது கதைதான். ஆனால் இந்த முறை புலி வந்துவிட்டது.

அந்த வருட அக்டோபரில் கையில் கிருமித் தொற்று, சில கச்சேரிகள் தள்ளிப் போயின. 2019 தொடக்கத்தில் நிமோனியா. அது தேறும்போது வீட்டிலேயே கீழே விழுந்தார். 2003-ல் நாலு சக்கர பைக் கவிழ்ந்து பட்ட பழைய அடி கழுத்தில் மறுபடி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சைகள். 2020 ஜனவரியில் பார்க்கின்சன் நோய் இருப்பதை வெளியே சொன்னார். பிறகு கொரோனா வந்து மிச்சத்தையும் தள்ளி வைத்தது.

இந்த இடத்தில் ரசிகர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 2019-ல் நடக்க வேண்டிய கச்சேரிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்கள் 2020, 2022, 2023 என்று தேதி மாறிக்கொண்டே போவதைப் பார்த்தார்கள். கணக்குப்படி பார்த்தால் வட்டியில்லாத முன்பணம். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருந்தும் பலர் வாங்கவில்லை. வாங்கினால் அவர் வரமாட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா? நேர்த்திக்கடனுக்கு முடிந்து வைத்த காசை யாராவது அவிழ்ப்பார்களா!

2023 பிப்ரவரி 1-ம் தேதி அவரே அறிக்கை விட்டார். குரல் நன்றாக இருக்கிறது, உடம்புதான் இன்னும் பலவீனமாக இருக்கிறது, ஊர் ஊராகப் பயணம் செய்ய முடியாது என்பது சாராம்சம். அதுவரை கேலி பேசியவர்களும் அன்றைக்கு அடங்கிப் போனார்கள். மூன்றாவது பயணம் வரும் என்று யாரும் ஜோக் அடிக்கவில்லை.

பிறகு 2025 ஜூலை 5. இடம் பர்மிங்ஹாம் வில்லா பார்க் கால்பந்து மைதானம், அவர் வளர்ந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் மேட்ச் நாட்களில் அங்கே நிற்கும் கார்களைக் காவல் காப்பதாகச் சொல்லிச் சில்லறை வாங்கியதை அவரே சொல்லியிருக்கிறார். பயணம் இல்லை, ஒரே ஒரு நாள். டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்தது. மெட்டாலிகா, கன்ஸ் அன் ரோஸஸ், ஸ்லேயர் என்று பெரிய பெரிய ஆட்கள் அன்றைக்கு அவருக்காகத் துணைக் கச்சேரி செய்தார்கள். பிளாக் சபாத்தின் நான்கு பேரும் 2005-க்குப் பிறகு முதல் முறையாக ஒன்றாக வாசித்தார்கள். லாபம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் ஒரு குழந்தைகள் நல்வாழ்வு இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

நிற்க முடியாததால் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே வந்தார். எழுந்திருக்கப் பார்ப்பதும் முடியாமல் போவதும் எல்லோருக்கும் தெரிந்தது. "மாமா, ஐம் கமிங் ஹோம்" பாடும்போது (நம்ம ஊர் மாமா இல்லை, அம்மா, அவர் மனைவியை அழைக்கும் செல்லப்பெயர்) குரல் உடைந்தது. அவர் விட்ட இடத்தை நாற்பதாயிரம் பேர் எடுத்துப் பாடினார்கள். தாடி வைத்த, பச்சை குத்திய, ஐம்பது அறுபது வயது ஆம்பிளைகள் பக்கத்தில் நிற்பவர் தோளில் சாய்ந்து அழுததை வீடியோவில் பார்க்கலாம்.

இப்படி ஒரு நோயாளியை மேடையில் உட்கார வைத்துக் காட்டுவது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தது போல இல்லை. ஆறு வருடமாக வரத் துடித்த ஆள் ஒருவழியாக வந்து சேர்ந்தது போலத்தான் இருந்தது. 1992-ல் உடம்பு நன்றாக இருந்தும் பொய்யாகிப் போன விடைபெறலை, உடம்பே இல்லாதபோது நிஜமாக்கிக் காட்டினார்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ம் தேதி இறந்துபோனார். வயது 76.

ஜூலை 30-ம் தேதி பர்மிங்ஹாம் பிராட் தெரு வழியாக இறுதி ஊர்வலம் போனது. அங்கே ஒரு பாலத்துக்கு 2019-லேயே பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள், நான்கு பேர் முகமும் பதித்த பெஞ்சும் உண்டு. வண்டிகள் அங்கே நின்றன. பித்தளை வாத்தியக் குழு அவர்கள் பாட்டை வாசித்தது. மனைவி ஷாரனும் பிள்ளைகளும் இறங்கி வந்து, மலையாகக் குவிந்திருந்த பூக்களையும் கடிதங்களையும் பார்த்தார்கள். வில்லா பார்க்கில் இடம் கிடைக்காதவர்கள், 2019 டிக்கெட்டைக் கடைசிவரை வைத்திருந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் அன்றைக்கு அந்தத் தெருவில் நிற்க முடிந்தது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தது.