கோடும் அதன் விளிம்பும்

திங்கள், இரவு

‘வானம்’ என்றொரு சிறுவர் புத்தகத்துக்கு அட்டைச் சித்திரம் வரைய இசைந்ததிலிருந்து, மாலைப் பொழுதெல்லாம் இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளின் முன்னேதான் கழிகிறது. சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள நீலக் கரை, அதன் உள்விளிம்பை ஒட்டி ஒரு மஞ்சள் கட்டம், இரண்டுக்குமிடையே மயிரிழை வெள்ளையும் தெரியலாகாது: இவ்வளவே பதிப்பாளரின் விருப்பம். அருகிலுள்ள இலக்கில் உருவத்தை ஒட்டவைக்கும் ‘ஸ்னாப்’ வசதியை முடுக்கிவிட்டுக் கட்டத்தின் மூலையைக் கரையின் மூலைக்கு இழுத்துச் சென்றால், அது உள்விளிம்பில் நில்லாமல் கரையின் நட்ட நடுவில் ஒட்டிக்கொள்ளுகிறது. உருவங்களை வரிசைப்படுத்தும் ‘அலைன்’ பெட்டியைக் கொண்டு இடப்பக்கம் சேர்த்தாலோ, நடுவையும் தாண்டி வெளிவிளிம்புக்கே போய்விடுகிறது.

செவ்வாய்

இரண்டு கருவிகளும் தத்தம் பிரமாணப்படி சரியாகவே நடந்திருக்கின்றன. இவ்வகைச் சித்திரத்தில் ‘பாத்’ எனப்படும் மூலக்கோட்டுக்கு அகலமே கிடையாது. நாம் கொடுக்கும் தடிமன் அதன் இருபுறமும் பாதிப்பாதியாகப் பரவுகிற ஒரு பூச்சு மாத்திரமே. ஆகவே நூறு மில்லிமீட்டர் அகலச் சதுரத்துக்கு நான்கு மில்லிமீட்டர் கரை போட்டால், கண்ணுக்குத் தெரியும் அகலம் நூற்று நான்கு. உருவத்தின் மூலைப்புள்ளிகளான ‘நோடுகள்’ மூலக்கோட்டில் அமர்ந்திருப்பதால், நோடைத் தேடிப் போகும் ஸ்னாப் கரையின் நடுவைத்தான் கண்டடையும். அலைன் பெட்டியோ உருவத்தைச் சூழ்ந்த எல்லைப் பெட்டியைப் பார்ப்பது, அந்த எல்லையில் பூச்சும் அடக்கம். பூச்சை நீக்கி மூலக்கோட்டை மட்டும் எல்லையாகக் கொள்ளும்படி விருப்பத்தேர்வுகளில் மாற்றிவிட்டால் இவ்விரண்டுக்கும் சமரசம் உண்டாகிவிடும்.

ஆனால் எனக்கு வேண்டிய உள்விளிம்போ இரண்டு பிரமாணங்களுக்கும் அப்பாற்பட்டது. அதற்குப் பரிகாரம், கரையைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, அதன் பூச்சையே தனி உருவமாக மாற்றுவதுதான். அப்போது உள்விளிம்பும் வெளிவிளிம்பும் தமக்கென நோடுகள் பெற்றுவிடுகின்றன, ஸ்னாப்பும் பிடித்துக்கொள்ளுகிறது. பின்னர் தடிமனை எண்ணைத் தட்டி மாற்ற இயலாது என்பதற்காகவே அந்தப் பிரதி.

புதன்

கணினித் திரையில் கோடு வரையும் கலையின் ஆதியிலேயே ஸ்னாப்பின் இந்த ஈர்ப்பு இருந்திருக்கிறது என்பதை நினைக்க வியப்பாயிருக்கிறது. 1963-இல் ஐவன் சதர்லாண்ட் தம் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்காகச் செய்த ‘ஸ்கெட்ச்பேட்’, ஒளிப்பேனா ஏற்கெனவே வரைந்த கோட்டுக்கு அருகே வந்ததும் அதைக் கோட்டின்மேலேயே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நடுங்கும் மனிதக் கையையும் தசம பின்னம் தவறாத யந்திரத்தையும் இணக்குவதற்கு அதனினும் எளிய உபாயம் இன்றுவரை தோன்றவில்லை என்பது என் அபிப்பிராயம். ஈர்ப்பு எந்தப் பொருளின்மேல் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் அன்றுபோல் இன்றும் வரைபவனுடையது.

வியாழன்

கட்டம், வழிகாட்டிக்கோடு, நோடு, நடுப்புள்ளி, எல்லைப்பெட்டி ஆகிய யாவற்றுக்கும் ஒருங்கே ஸ்னாப்பை அனுமதித்தால், கல்யாணப் பந்தியில் நாலா பக்கமும் உபசரிக்கப்படும் விருந்தாளியைப்போல உருவம் திக்குமுக்காடுகிறது. ஈர்ப்பின் எல்லை திரையின் பிக்ஸல்களால் அளக்கப்படுவதாகையால், சித்திரத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது அச்சிறு வட்டத்துக்குள் பல இலக்குகள் நெருங்கிவிடுகின்றன; பெரிதாக்கினால் அவை விலகி நிற்கின்றன. அப்போதைக்கு வேண்டிய ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அணைத்துவிடுவது உத்தமம். சதவீதக் குறியைத் தட்டினால் ஸ்னாப் முழுவதும் நிற்கும், மறுபடி தட்டினால் திரும்பும். இழுக்கும்போது ஷிஃப்டை அழுத்தியிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஓய்வு.

இதே வரிசையின் முந்தைய புத்தகத்துச் சின்னம் 2015-இல் செய்த கோப்பில் இருந்தது. அதை அப்படியே திறந்தபோது அங்குலக் கட்டத்தில் எந்த விளிம்பும் உட்காரவில்லை. 2017-இல் வெளியான இங்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முன் அங்குலத்துக்கு 90 பிக்ஸல், அதற்குப் பின் 96. ஆகவே பழைய உருவம் பதினாறில் பதினைந்து பங்காய்க் குறுகியிருந்தது. பெருக்கியதும் பொருந்திற்று.

வெள்ளி

தலைப்பு எழுத்துக்களை உருவங்களாக மாற்றி, மஞ்சள் கட்டத்தின் மத்தியில் அலைன் செய்தேன். கணக்கின்படி மையம், கண்ணுக்கோ எழுத்துக்கள் கீழே சரிந்திருந்தன. ‘வானம்’ என்பதில் வா, ன, ம மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரமாக நிற்க, கடைசி மெய்யின் புள்ளி மட்டும் தலைக்குமேல் எழும்பி எல்லைப் பெட்டியை உயர்த்திவிடுகிறது. அந்தப் புள்ளிக்கு மேலும் எழுத்துக்களுக்குக் கீழும் வெற்றிடம் சமமாயிருக்கும்படி பொருத்தினால் எழுத்துடல் தாழாமல் என்ன செய்யும்? புள்ளியைத் தனியே பிரித்தெடுத்து, மற்ற எழுத்துக்களை மாத்திரம் ஒரு தொகுதியாக்கி மையத்தில் நிறுத்தி, அவை நகர்ந்த அதே அளவு புள்ளியையும் நகர்த்தினேன். இப்போது எண்களைப் பார்ப்பவருக்குத் தலைப்பு சற்று உயரத்தில் இருக்கும். புத்தகக் கடையில் எண்களைப் பார்ப்பவர் எவருமில்லை.

மாலையில் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். நீலம் இன்னும் கொஞ்சம் வெளிறியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பதில் எழுதியிருக்கிறார்.