நான் எழுதிய பொய் எடை

நான் ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர். ஒரு பெண் குழந்தையைத் தராசில் வைக்காமலே மாதாமாதம் அதன் எடையைப் பதிவேட்டில் எழுதினேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. நானே சொல்கிறேன்.

எடை போடும் நாளில் அந்தக் குழந்தையின் தாய் நடவுக்குப் போய்விடுவாள். வராத குழந்தையை வீடு தேடிப் போய் எடை போடுவது என் வேலை. வீடு காலனியில் இருந்தது. வெயில், கால் வலி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஊர்த்தெரு வீடுகளுக்கு அதே வெயிலில், அதே காலோடு போய்வந்தேன். காலனித் திண்ணையில் உட்கார மனம் வரவில்லை. அது சாதித் திமிர். வேறு பெயர் இல்லை.

ஐந்தாம் மாதம் உண்மையாகப் போட்ட எடை 5.9 கிலோ. ஆறாம் மாதம் 6.2 என்று எழுதினேன். அடுத்து 6.4. அதற்கடுத்து 6.6. எந்த எண்ணை எழுதினால் கேள்வி வராது என்று எனக்குத் தெரியும். வளர்ச்சிக் கார்டில் கடும் எடைக்குறைவைக் காட்டும் சிவப்பில் குழந்தை இருந்தால், மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். என் மையத்தில் சிவப்பே இல்லை என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

விவரம் தெரியாமல் செய்யவில்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாத எடையை நம்பித்தான் நடந்தது. எடை ஏறாத குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு என்பதுதான் அதன் அடிப்படை. வளர்ச்சிக் கார்டில் உள்ள கோடுகளை, இந்தியா உட்பட 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. அத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை அளக்கக் கொடுத்து உருவான கோட்டின் மேல் நான் பொய்ப் புள்ளி வைத்தேன்.

எட்டாம் மாத எடையை எழுதிய சில நாளில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மையத்துக்கே வந்தாள். "டீச்சர், புள்ள எளச்சாப்ல இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். தராசு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பையை மாட்டிக் குழந்தையை உட்கார வைத்தால், முள் ஆடி நிற்க ஒரு நிமிடம் ஆகும். நான் எழுந்திருக்கவில்லை. எடை போட்டால் என் பொய் வெளியே வந்துவிடும். கார்டை வாங்கி விரித்து, "பச்சையிலதாம்மா இருக்கா, பயப்படாம போ" என்றேன். அவள் என்னை நம்பினாள். தன் கண்ணை நம்பாமல் போனாள்.

பத்து நாளுக்குள் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வந்து குழந்தையை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எடை 5.3 கிலோ. பிழைத்துவிட்டது. தாய்க்கு வேலை போனது, காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது. "உன் பால்ல சத்து இல்ல" என்று மாமியார் அவளைத் திட்டியபோது நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அடுத்த மாதப் பதிவேட்டில் 'நோயால் எடை குறைவு' என்று எழுதி, முதல் பொய்யை இன்னொன்றால் மூடினேன்.

2009-ல் வந்த விதிப்படி சாதாரணக் குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி கூடுதல் உணவு, கடுமையாக எடை குறைந்த குழந்தைக்கு 800 என்று இருந்தது. சிவப்பு என்பது மையத்துக்கு அவமானம் அல்ல. குழந்தையின் உரிமைச் சீட்டு. அதை நான் பறித்தேன். நர்ஸம்மாவின் நலிந்த குழந்தைகள் பட்டியலில் அந்தக் குழந்தையின் பெயர் ஏறவில்லை. என் எண்கள் வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் போய்க் கூட்டுத்தொகையில் கலந்தன. அந்த மாதங்களில் அரசாங்கத்தின் கண்ணுக்கு அப்படி ஒரு நலிந்த குழந்தை அந்த ஊரில் இல்லவே இல்லை.

அந்தத் தாயிடம் நான் இதைச் சொன்னதில்லை. இது அச்சாகும் முன் அவள் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சொல்வேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, எடை போடும்போது முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். டீச்சர் கார்டில் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். எடை போடாமல் எழுதினால், போடச் சொல்லிக் கேளுங்கள்.