நாலு வாளி அசோலா

ஆனையூரில் எங்கள் மொட்டைமாடியில் பச்சை வலைக்குக் கீழே நாலு வாளிகள். ஒவ்வொன்றிலும் பத்து லிட்டர் தண்ணீர், 50 கிராம் அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி. மகள் பள்ளிக்காகத் தொடங்கியது. இப்போது விடிந்ததும் மாடிக்கு ஓடுவது நான்தான்.

முதல் வாளியில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் 1 கிராம் சூப்பர் பாஸ்பேட், மூன்றாவதில் 5 கிராம். நாலாவதில் 10 கிராம் யூரியா.

ஏழாம் நாள் வடிகட்டி எடை போட்டோம். இரண்டாம் வாளி கிட்டத்தட்ட இரட்டிப்பு! மூன்றாவதில் பாசி படர்ந்து அசோலாவை நெருக்கியிருந்தது. யூரியா வாளியில் எல்லாம் பழுப்பாகிக் கரைந்து, நாற்றம். "அப்பா, வேரைப் பாருங்கப்பா" என்று முதல் வாளியிலிருந்து ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள். இலை சிவந்து, வேர் நூல் மாதிரி நீண்டிருந்தது. மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பசி.

அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக் கொடுத்துவிடும். அதனால் அசோலாவுக்கு முக்கியமாக வேண்டியது மணிச்சத்துதான். பாசி விஷயத்திலும் இதே கதைதான். கனடாவில் 1973-இல் ஒரு ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மணிச்சத்தைச் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பாசியால் பச்சையானது.

இங்கே வைகையை மூடும் ஆகாயத்தாமரையை வருடந்தோறும் அள்ளுகிறோம். சாக்கடையோடு அதற்கு உரம் போய்க்கொண்டே இருக்கிறதே! மனசு ஆறவில்லை.

ஐந்தாவது வாளியில் கண்மாய்த் தண்ணீர் வைக்கலாம் என்கிறாள் மகள். நாளைக் காலை குடத்தோடு போகிறோம்.